ரயில் தாண்டியதும் ஹாரன் ஏன் இறங்குகிறது?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தண்டவாளம். நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும்போது சுருதி ஏறிக்கொண்டே வந்து, வீட்டைத் தாண்டியதும் சட்டென்று இறங்கிவிடுகிறது. டிரைவர்தான் ஹாரனை மாற்றி அடிக்கிறார் என்று என் வீட்டுக்காரர் சாதிக்கிறார். அப்படியா? (வாசகி, திண்டிவனம்)

பதில்: டிரைவர் மேல் பழி போட வேண்டாம். அவருக்கு அந்த ஹாரன் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சுருதியில்தான் கேட்கிறது, ஏனென்றால் அவரும் ஹாரனும் சேர்ந்தே ஓடுகிறார்கள். மாறிக் கேட்பது வீட்டு வாசலில் நிற்கிற உங்களுக்குத்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஹாரன் நொடிக்கு 400 தடவை அதிர்கிறது, ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (நம் ஊர் வெயிலுக்கு 350-ஐ நெருங்கும், கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று 340). ரயில் நின்றபடி ஹாரன் அடித்தால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி 85 செ.மீ. அதே ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறதென்றால், ஓர் அலையை விட்டுவிட்டு அடுத்ததை விடுவதற்குள் 5 செ.மீ. முன்னால் வந்துவிடுகிறது. அதனால் முன்பக்கம் போகும் அலைகளின் இடைவெளி 80 செ.மீ. ஆகச் சுருங்குகிறது, பின்பக்கம் 90 ஆக நீள்கிறது. வரும்போது உங்கள் காதுக்கு 425 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 425 அதிர்வு), போகும்போது ஏறக்குறைய 378. இந்த 90-க்கும் 80-க்கும் உள்ள விகிதம் 9/8, பாட்டுக் கற்றவர்களுக்கு இது பழகின எண்தான், ஸட்ஜத்துக்கும் (ஸ) சதுச்ருதி ரிஷபத்துக்கும் (ரி) நடுவே உள்ள தூரம். ரி பிடித்துக்கொண்டு வந்த ரயில் ஸ பிடித்துக்கொண்டு போகிறது!

சரி, உங்கள் கேள்வியிலும் ஒரு திருத்தம் உண்டு. சுருதி "ஏறிக்கொண்டே வந்து" என்று எழுதியிருக்கிறீர்கள், பலரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் அது ஏறுவதே இல்லை. வேகம் மாறாத வரை தூரத்தில் கேட்கும்போதே சுருதி முழு உயரத்தில் இருக்கிறது. கிட்டே வருவதால் கூடுவது சத்தம் மட்டும்தான். இன்னும் சொன்னால், தண்டவாளத்தை விட்டுத் தள்ளி இருப்பவருக்கு ரயில் நெருங்க நெருங்க சுருதி இறங்க ஆரம்பித்துவிடும். காரணம், உங்களை நோக்கி வரும் வேகம்தான் கணக்கில் சேரும், ரயில் நேர் எதிரே வரும்போது அது உங்களை நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. சத்தம் கூடினால் சுருதியும் கூடுவதாகக் காது நினைத்துக்கொள்கிறது என்பதை 1996-ல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இருவர் பரிசோதித்தே காட்டினார்கள். நம்பிக்கை இல்லையென்றால் செல்போனில் பதிவு செய்து ஒரு ட்யூனர் ஆப்பில் போட்டுப் பாருங்கள் (வீட்டு வாசலிலிருந்தே, தண்டவாளத்துக்குப் போக வேண்டாம்).

இதை முதலில் சொன்னவர் ஆஸ்திரியாக்காரர் கிறிஸ்டியன் டாப்ளர், 1842-ல், பிராகில். அவருக்கு ரயிலைப் பற்றிய கவலையே இல்லை, இரட்டை நட்சத்திரங்கள் ஏன் வேறு வேறு நிறத்தில் தெரிகின்றன என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார். அந்த நிறக் காரணம் தப்பு, கொள்கை சரி, அறிவியலில் இப்படியும் நடக்கும். நெதர்லாந்து விஞ்ஞானி பைஸ் பாலட் இதைச் சோதித்தே தீருவது என்று 1845-ல் உட்ரெக்ட், மார்சன் ஊர்களுக்கு நடுவே ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றிவிட்டு, நல்ல சுருதி ஞானம் உள்ளவர்களைப் பாதையோரம் நிறுத்தினார். பிப்ரவரியில் பனி கெடுத்துவிட்டது, மறுபடி ஜூனில் செய்தார். அதிர்வெண்ணை அளக்கக் கருவி எதுவும் இல்லை, வித்துவான்களின் காதுதான் கருவி. ரயில் தாண்டியதும் சுரம் இறங்கியதை அவர்கள் கேட்டுச் சொன்னார்கள், டாப்ளரின் கணக்கும் நின்றது. எனக்குத் தெரிந்து இவ்வளவு ரசமான பரிசோதனை வேறு இல்லை.

கேள்வி: மருமகளுக்கு டாக்டர் வயிற்றில் ஜெல் தடவி ஒரு கருவியை வைத்ததும் குழந்தையின் இதயத் துடிப்பு குதிரை ஓடுவதுபோலக் கேட்டது. அதற்கும் டாப்ளர் என்றுதான் பெயர் சொன்னார்கள். இதயம் உள்ளே அப்படித்தான் சத்தம் போடுமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: அதே டாப்ளர்தான், ஆனால் நீங்கள் கேட்டது இதயத்தின் சத்தம் இல்லை. கருவி அனுப்புவது நொடிக்கு 20 லட்சம் தடவைக்கு மேல் அதிரும் ஒலி, அது யார் காதுக்கும் எட்டாது. துடிக்கிற இதயச் சுவரிலும் ஓடுகிற ரத்தத்திலும் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். போனதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கருவி ஸ்பீக்கரில் விடுகிறது. நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் நேராக வருகிற ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் சுமார் 780 ஹெர்ட்ஸ், காதுக்கு வசதியான இடத்தில் தற்செயலாக வந்து விழுகிறது. கருவியை அவர்கள் சாய்த்துச் சாய்த்துத் தேடியிருப்பார்களே, அதுவும் ரயில் விஷயம்தான். ரத்தம் கருவிக்குக் குறுக்கே ஓடினால் நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை, ஒன்றும் கேட்காது. ஜெல் எதற்கென்றால், நடுவே துளிக் காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் அங்கேயே திரும்பிவிடும்.

கேள்வி: பலமாகக் காற்றடித்தாலும் சுருதி மாறுமா? (வாசகர், தென்காசி)

பதில்: சீராக அடித்தால் மாறாது. கோயில் ஸ்பீக்கர் பாட்டு காற்றில் ஏறி இறங்குவது சத்தம்தான், நீங்களும் ஸ்பீக்கரும் நகராதவரை சுருதி அப்படியே இருக்கும்.