காலை வெயிலும் பின்னேர இடியும்: மலையக வானிலை பற்றிய வாசகர் கேள்வி பதில்

இலங்கையில் மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். வடகிழக்குக் காற்று ஓய்ந்துவிடும், தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. காற்று பலவீனமாகவும் வெயில் கடுமையாகவும் இருக்கும் இந்த இடைவெளியில் மழை எங்கிருந்தோ வருவதில்லை. அந்தந்த மலையிலேயே காலையில் கருக்கொண்டு பின்னேரம் கொட்டுகிறது. ஆகவே அதைக் கவனித்துச் சொல்ல அந்த இடத்தில் இருப்பவருக்கே வசதி அதிகம்.

என் போனில் பாரமானிச் செயலி இருக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு அமுக்கம் குறைகிறது, இடிமழையும் வருகிறது. இதை வைத்தே மழையைச் சொல்லிவிடலாமா? – நுவரெலியா வாசகர்

முடியாது. மழை பெய்யாத நாளிலும் குறித்துப் பாருங்கள், அன்றும் குறைந்திருக்கும். நமது அகலாங்கில் வளிமண்டல அமுக்கம் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. காலை 10 மணி, இரவு 10 மணி அளவில் உச்சம். அதிகாலை 4 மணி, மாலை 4 மணி அளவில் தாழ்வு. இந்த ஏற்ற இறக்கம் 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை இது. மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இடிமழை வரும் நேரமும் மாலைத் தாழ்வும் ஒரே வேளையில் அமைவதால்தான் ஒன்று மற்றதைக் கொண்டுவருவதாகத் தோன்றுகிறது.

'நல்ல வானிலை', 'புயல்' என்று எழுதிய வட்டப் பாரமானியை வாங்கி மாட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த எழுத்துகள் கடல்மட்டத்துக்கானவை. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் உண்மை அமுக்கம் ஏறத்தாழ 810 ஹெக்டோபாஸ்கல்தான். திருத்தி வைக்காவிட்டால் முள் எந்நாளும் புயலிலேயே நிற்கும்.

பாரமானி பயன்படும் இடம் வேறு. இன்றைய அளவை நேற்றைய அதே மணி அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். வழக்கமான அளவைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் வங்காள விரிகுடாவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 5 குறைந்தால் தாழமுக்கமோ சூறாவளியோ அருகில் இருப்பதாகக் கொள்ளலாம். இது கப்பலோட்டிகளின் பழைய விதி. போனை எப்போதும் ஒரே இடத்தில் வைத்து வாசிக்கவும்: 10 மீற்றர் மேட்டில் ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் அளவு குறைந்துவிடும்.

உருளைக்கிழங்குக்கு மருந்து அடித்து முடிக்க மழை வந்து கழுவிவிடுகிறது. காலையில் வானம் சுத்தமாகத்தான் இருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது? – கந்தப்பளை வாசகர்

காலை வானம் சுத்தமாக இருப்பது இந்த மாதங்களில் நம்பத்தகுந்த அடையாளம் இல்லை. வெயில் தடையின்றி விழுந்தால் சரிவுகள் சீக்கிரம் சூடாகும், மேகமும் சீக்கிரம் வளரும். நாலு வேளைகளில் வானத்தைப் பாருங்கள்.

காலை 6.30க்குப் பள்ளத்தில் கிடக்கும் மூடுபனியைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இரவு வானம் திறந்திருந்தது, நிலம் ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான் அது சொல்வது. அதற்கு மேலே, நடுத்தர உயரத்தில் வரிசையாகச் சிறு மேகங்கள் நின்று, அவற்றின் தலையில் கோபுரக் கலசங்கள் போல முளைகள் எழுந்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலடுக்குக் காற்று நிலையற்று இருக்கிறது, பின்னேரம் இடிக்கு வாய்ப்புக் கூடுதல். மாறாக, மிக உயரத்தில் தடித்த வெண்திரை வானம் முழுவதும் விரிந்திருந்தால் நிலம் சூடாவது தாமதமாகும். மழை பிந்தும், அல்லது வராமலே போகும்.

காலை 9.30 அளவில் மலைமுகடுகளில் முதல் பஞ்சு மேகங்கள் தோன்றும். அதற்கு முன்பே தோன்றினால் காற்றில் ஈரம் அதிகம்.

முக்கியமான வேளை 11 மணி. ஒரு மேகத்தைத் தெரிவுசெய்து கால் மணி நேரம் அதையே பாருங்கள். அகலத்தைவிட உயரம் கூடிக்கொண்டு, விளிம்பு தெளிவாக வெட்டினாற்போல் இருந்தால் அது வளர்கிறது. விளிம்பு நைந்து கலைந்து, அதே இடத்தில் புதிது முளைத்துப் பிறகு அதுவும் கலைந்தால் மேலே வறண்ட காற்று இருக்கிறது. உச்சி தட்டையாகிப் பக்கவாட்டில் பரவினால் மேலே ஒரு சூடான அடுக்கு வளர்ச்சியைத் தடுக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் பெருமழைக்கு வாய்ப்புக் குறைவு. 12.30க்கு, வளர்ந்த மேகத்தின் தலை நார் நாராக மாறத் தொடங்கினால் மழை மிக அருகில். குளிர்ந்த காற்று திடீரென்று வீசினால் சில நிமிடங்களே மிச்சம்.

இனி மருந்துக்கு வருவோம். இலையில் பனி ஈரம் இருக்கும்போது அடித்தால் மருந்து நீர்த்து வழியும். ஈரம் காய எட்டு மணியாவது ஆகும். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 8 மணிக்கும் 11 மணிக்கும் இடைப்பட்ட நேரம். மேகம் நிமிர்ந்து வளர்வதைக் கண்டபின் அடுத்த தாங்கிக்கு மருந்து கலக்காதீர்கள். எத்தனை மணி நேரம் மழை படக்கூடாது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். போத்தல் சீட்டில் இருப்பதே கணக்கு. அதற்காக மழைக்குப் பிறகு அடிக்கலாம் என்று தள்ளிப்போடுவதும் சரியல்ல. பின்னேரம் நனைந்த இலை இரவு முழுவதும் குளிரில் ஈரமாகவே இருக்கும், பின்வெளிறல் நோய்க்கு அதுதான் வேண்டும். காப்பு மருந்து அந்த ஈரத்துக்கு முன்பே இலையில் இருக்க வேண்டும்.

இந்த முறை தவறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் முகட்டில் எதுவும் வளராமல், பக்கத்துப் பள்ளத்தாக்கில் வளர்ந்த இடிமேகம் நகர்ந்து வரும். நடுத்தர மேகங்கள் எந்தப் பக்கமிருந்து நகர்கின்றன என்று 11 மணிக்கே பார்த்து, அந்தப் பக்கத்தை விடாமல் கவனிக்கவும்.

சிவனொளிபாதமலை உச்சி மறைந்தால் மழை என்று பெரியவர்கள் சொல்வது சரியா? – மஸ்கெலியா வாசகி

எத்தனை மணிக்கு மறைந்தது என்பதைப் பொறுத்தது. காலை 7 மணிக்கு மறைந்திருப்பது பெரும்பாலும் இரவு மிச்சம் வைத்த மேகம், அதில் சேதி இல்லை. 11 மணிக்கு மறைந்தால் சேதி உண்டு, கணக்காகவே காட்டலாம்.

ஈரப்பதமானியில் வாசித்த வீதத்தை 100இலிருந்து கழித்து 5ஆல் வகுத்தால், வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் (காற்று குளிர்ந்து அதிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளி ஏறத்தாழக் கிடைக்கும். ஒவ்வொரு பாகைக்கும் 125 மீற்றர் என்று பெருக்கினால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மேகத்தின் அடி எவ்வளவு உயரம் என்று வரும். ஈரப்பதம் 60 வீதம் என்றால் இடைவெளி 8 பாகை, உயரம் 1000 மீற்றர். நீங்கள் 1250 மீற்றரில் நின்றால் மேகத்தின் அடி 2250 மீற்றரில். சிவனொளிபாதமலை 2243 மீற்றர். அதாவது மேகம் உச்சியைச் சரியாகத் தொடும். முற்பகலிலேயே உச்சி மூடிவிட்டால் காற்றில் அதைவிடக் கூடிய ஈரம் இருக்கிறது. பிற்பகல் 2 மணிக்கும் மேகம் உச்சிக்கு மேலே நன்றாக விலகி நின்றால் மழை குறைவு. ஆக, பெரியவர்கள் மலையையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பதுளைப் பக்கத்தவர்களுக்கு 2036 மீற்றர் நமுனுகுலை இருக்கிறது.

ஈரப்பதமானி சரியா என்று முதலில் சோதியுங்கள். ஒரு போத்தல் மூடியில் கறி உப்பைச் சில துளி நீரில் குழைத்து (கரைந்துவிடாமல் ஈரமாக மட்டும்), மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துக்கொள்ளுங்கள். மூடுபனியில் அடிக்கடி நனையும் மானிகள் ஒரு வருடத்துக்குள்ளேயே விலகிவிடும்.

வெப்பமானியை வடக்குச் சுவரில் மாட்டச் சொல்லும் நூல்களைப் பின்பற்றினோம். ஏப்ரலில் 34 பாகை காட்டுகிறது. – வெலிமடை, பாடசாலை ஆசிரியர்

அந்த நூல்கள் குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். நமக்கு அப்படியில்லை. மார்ச் 21க்குப் பிறகு சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதிக்கிறது. ஏப்ரல் 7 அளவில் மலையகத்தில் நண்பகலில் நேரே உச்சியில் நிற்கிறது. அதன் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை வடக்குப் பக்கத்திலேயே போகும். உங்கள் சுவர் வெயிலை வாங்கி வெப்பமானிக்குக் கொடுக்கிறது.

சுவரையே விட்டுவிடுங்கள். புல்தரையில் ஒரு கம்பம் நட்டு, ஒன்றரை மீற்றர் உயரத்தில், ஆறேழு வெள்ளைப் பூச்சட்டித் தட்டுகளைக் கவிழ்த்து, இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நீண்ட ஆணிகளில் கோக்கவும். நடுத் தட்டுகளில் துளை வெட்டி வெப்பமானியை உள்ளே வைக்கவும். மேல் தட்டில் துளை வேண்டாம். லயத்துத் தகரக் கூரையின் தாழ்வாரத்தில் மட்டும் மாட்டாதீர்கள், தகரம் பகலில் மேலதிக சூட்டையும் இரவில் மேலதிக குளிரையும் காட்டும்.

மழைமானி விலை கூட. சோடாப் போத்தலில் செய்தது சரியாக வருமா? எத்தனை மில்லிமீற்றருக்கு மண்சரிவுக்குப் பயப்பட வேண்டும்? – ஹல்துமுல்லை வாசகர்

வரும். 1.5 லீற்றர் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகிப் புனலாக்குங்கள். போத்தலின் அடி மேடு பள்ளமாக இருப்பதால் அடிமட்டம் வைத்து அளக்கக் கூடாது. பலரது கணக்குப் பிழைப்பது அங்கேதான். நீரை ஊற்றியெடுத்து, மருந்துக்கடையில் வாங்கும் 20 மில்லிலீற்றர் சிரிஞ்சால் அளவுங்கள். புனல் வாயின் விட்டம் 9 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 63.6 சதுர சென்ரிமீற்றர், 6.4 மில்லிலீற்றர் நீர் ஒரு மில்லிமீற்றர் மழை. உங்கள் போத்தலின் விட்டத்தை அளந்து இதே கணக்கைப் போடவும். வாய் நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றராவது மேலே இருக்கட்டும், தெறிக்கும் நீர் புகாது. மரத்தின், கூரையின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து, முந்திய நாளின் பெயரில் எழுதுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைப் படிகள் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர். 75இல் விழிப்பு, 100இல் வெளியேறத் தயார்நிலை, 150இல் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். இடிமழை குறுகிய நேரத்தில் கொட்டும் என்பதால், பலத்த மழையில் காலை வரை காத்திராமல் பாதுகாப்பாக எட்டக்கூடிய இடத்தில் வைத்து மணிக்கொரு தடவை அளவுங்கள். எண் எட்டவில்லை என்றாலும் சுவரில், நிலத்தில் புது வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்று திடீரென்று கலங்குதல் அல்லது வற்றுதல் இவற்றில் ஒன்றைக் கண்டால் உடனே கிளம்புங்கள். மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் புதைந்த 2014 ஒக்டோபர் 29உம் ஆண்டின் இரண்டாவது இடைப்பருவக் காலத்து நாள்தான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அழைப்பு எண் 117.

மலையில் கொழுந்து எடுக்கும்போது இடி கேட்டால் எப்போது இறங்க வேண்டும்? – தலவாக்கலை வாசகி

இடி காதில் விழுந்தாலே இறங்க வேண்டும், கொழுந்து நிறுக்கும் வரை பார்த்திருக்க வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீற்றரில் வரும். 30 நொடி என்றால் 10 கிலோமீற்றர். அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே விழலாம் என்ற தூரம் அது. நடு மலையில் தனித்து நிற்கும் சவுக்கு மரத்தடி மிக ஆபத்து. கம்பிவேலி, தண்ணீர்க் குழாய், திறந்த மடுவம் இவற்றையும் தவிர்த்து, சுவரும் கதவுமுள்ள கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகே திரும்ப ஏறலாம். மழை விட்டதும் ஏறுவதுதான் வழக்கமான தவறு. மழை நின்ற பிறகும் மேகம் மின்னலை வைத்திருக்கும்.

வானொலியில் 'ஊவா மாகாணத்தில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை' என்கிறார்கள். எங்கள் ஊரில் துளி விழுவதில்லை. எங்கள் கணிப்பு அதைவிட மேலா என்று எப்படி அறிவது? – பண்டாரவளை வாசகர்

வளிமண்டலவியல் திணைக்களம் மாகாணத்துக்குச் சொல்கிறது. ஓர் இடிமேகம் சில கிலோமீற்றர் அகலமே. பக்கத்து ஊரான எல்லயில் கொட்டியிருந்தாலும் அவர்கள் சொன்னது சரிதான்.

உங்கள் கணிப்பை எடைபோட ஒரு கொப்பி போதும். காலை 11 மணிக்கு, '12 முதல் 6 மணிக்குள் 1 மில்லிமீற்றர் அல்லது கூடுதலாக மழை: ஆம் / இல்லை' என்று எழுதி மூடிவிடுங்கள். திருத்தக் கூடாது. மாத முடிவில் நாலாகப் பிரியுங்கள்: சொன்னோம் வந்தது, சொன்னோம் வரவில்லை, சொல்லவில்லை வந்தது, சொல்லவில்லை வரவில்லை. உதாரணத்துக்கு 30 நாளில் இவை 12, 5, 4, 9 என்றால் 21 நாள் சரி. அதோடு நிறுத்தாமல், 'நேற்றுப் போலவே இன்றும்' என்று கண்ணை மூடிச் சொல்லியிருந்தால் எத்தனை சரியாகியிருக்கும் என்றும் எண்ணுங்கள். அதுவும் 20 என்றால் வானத்தைப் பார்த்ததில் நீங்கள் பெற்றது ஒரு நாள்தான். அந்த வித்தியாசத்தைக் கூட்டுவதே வேலை. பிழைத்த நாட்களின் 11 மணி ஈரப்பதம், மேகத்தின் உயரம், நகர்ந்த திசை மூன்றையும் எடுத்து அடுக்குங்கள்; பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சூழலில் விழுந்திருப்பது தெரியும்.

இடைப்பருவ மழை முடிந்து தென்மேற்குப் பருவம் தொடங்கியதை எப்படி அடையாளம் காண்பது? – ஹட்டன் வாசகர்

மே மாதத்தில் மழை நேரத்தைப் பாருங்கள். பின்னேரத்தை விட்டு இரவிலும் காலையிலும் பெய்யத் தொடங்கும். இடி குறையும், தூறல் நீளும், தாழ்ந்த மேகம் இரவிலும் விடாமல் மேற்கிலிருந்து ஓடும். இந்த நாலும் சேர்ந்து மூன்று நாள் நீடித்தால் பருவம் மாறிவிட்டது. அதே நாட்களில் வெலிமடை, பதுளைப் பக்கம் உள்ள உறவினரைக் கேளுங்கள்: அங்கே மழை ஓய்ந்து, மலை தாண்டி இறங்கும் வறண்ட கச்சான் காற்று வீசிக்கொண்டிருக்கும்.