மதியச் சோறு பொதியிலா, கடையிலா? வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மருத்துவமனைச் சமையலறையில் உணவுத் திட்டம் வகுக்கும் பணியில் இருந்தவள் என்பதால், வேலைக்குச் செல்வோரின் மதிய உணவு பற்றி நம் குமரி மாவட்டத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வீட்டுச் சோறு என்றாலே நல்லது, கடைச் சோறு என்றாலே கெட்டது என்ற பிரிவினையை நான் ஏற்பதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்துக்கும் இலையில் இட்டு உண்ணும் நேரத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் கழிகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: அம்மா, தினமும் காலை ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறேன். ஐந்தரை மணிக்குக் கட்டும் பொதியை ஒரு மணிக்குத் திறந்தால் சில நாட்களில் புளித்த வாடை வருகிறது. அலுவலகத்தில் மைக்ரோவேவ் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடலாமா?

வாடை வந்துவிட்ட உணவைச் சூடாக்கியும் சாப்பிடக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் விரைவாகப் பெருகும். நீங்கள் கட்டும் சோறு ஏழரை மணி நேரம் அந்த வெப்பத்திலேயே இருக்கிறது. சோற்றில் இயல்பாகவே இருக்கக்கூடிய ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து உண்டாக்கும், வாந்தியை வரவழைக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

நம் ஊர்ச் சமையலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவியல், துவரன் (தேங்காய்ப் பொரியல்), தயிர்க் கிச்சடி என்று எதை எடுத்தாலும் பச்சைத் தேங்காய் சேர்கிறது. அதிலும் இறக்கும் நேரத்தில் சேர்த்து ஒரு கொதி மட்டும் விடுவது வழக்கம். பொதியில் முதலில் கெடுவது பெரும்பாலும் இந்தக் கூட்டான்தான். அதே தேங்காயைச் சிவக்க வறுத்தரைத்து, புளி ஊற்றிக் கொதிக்கவைத்த உள்ளித்தீயல் என்ற சின்ன வெங்காயக் குழம்பு அவற்றைவிட நன்றாகத் தாங்கும். வறுக்கும்போது தேங்காயின் ஈரம் போய்விடுகிறது, புளியின் அமிலமும் கிருமிகளைத் தடுக்கிறது. வற்றல் மிளகாயும் புளியும் வைத்துத் தண்ணீர் விடாமல் அரைத்த துவையலும் அப்படியே. ஆகவே ரயில் பயணம் உள்ள நாட்களில் தீயல், துவையல், புளிச்சோறு என்று வைத்துக்கொண்டு, அவியலை விடுமுறை நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். சோற்றையும் கறியையும் பிசைந்து கட்டாமல் தனித்தனிப் பாத்திரங்களில் கொண்டுபோங்கள்.

அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால், போய்ச் சேர்ந்தவுடன் பாத்திரத்தை அதில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் வெப்பம் காக்கும் குடுவையில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். மதியம் திறக்கும்போதும் ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தால் அந்தக் குடுவை உங்கள் பயணத்துக்குப் போதாது. இவை எதற்கும் வழியில்லாத நாளில், வெந்து இறக்கிய சோற்றைச் சுடச்சுடப் பரிமாறும் ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதே பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்வேன்.

குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி: அப்படியானால் நாங்கள் காலையில் குடிக்கும் பழைய கஞ்சி மட்டும் எப்படிக் கெடாமல் இருக்கிறது?

நீரில் முழுக ஊறும் சோற்றில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளைப் பெருமளவு அடக்குகிறது. சுத்தமான பாத்திரத்தில், நல்ல தண்ணீரில் ஊறவைத்து, விடிந்ததும் குடித்துவிடுங்கள். மதியம்வரை தோட்டத்தில் வைத்திருக்க வேண்டாம்.

குளச்சலிலிருந்து ஒருவர்: மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. மீன்கறியைப் பொதியில் வைக்கலாமா, அக்கா?

வைக்கலாம், ஆனால் வாங்கும்போதே கவனம் வேண்டும். சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றின் சதையில் ‘ஹிஸ்டமின்’ என்ற பொருள் உருவாகும். மீன் கெட்டதாகத் தோன்றாமலே இது நேரலாம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்தால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பொதிக்கென்று வாங்கும் மீனை ஐஸில் வைத்திருக்கும் இடத்தில் வாங்கி, அன்றே புளியோ மாங்காயோ சேர்த்துக் கறிவைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் நன்கு கொதிக்கவிட்டு எடுத்துச் செல்லுங்கள். பொரித்த மீனைத் தனியாக, வாட்டிய வாழையிலைத் துண்டில் பொதியுங்கள். செய்தித்தாளில் மடிக்காதீர்கள், அச்சுமை எண்ணெயோடு சேர்ந்து மீனில் ஏறிவிடும்.

தக்கலையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: பொதி கட்டினால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

பெரும்பாலும் ஆகும். கடைச் சாப்பாட்டுக்கும் வீட்டுச் செலவுக்கும் நாளொன்றுக்கு 80 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 வேலை நாட்களுக்கு 2,000 ரூபாய் கையில் நிற்கும். ஆனால் இந்தக் கணக்கில் ஒருவருடைய உழைப்பு எழுதப்படுவதே இல்லை. நான்கரை மணிக்கு எழுந்து தேங்காய் துருவி, மூன்று பேருக்குப் பாத்திரம் அடைத்து, பிறகு தானும் வேலைக்கு ஓடும் பெண்ணின் தூக்கத்தில்தான் பல வீடுகளில் அந்தப் பணம் மிச்சமாகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். காய் நறுக்குவதையும் பாத்திரம் கழுவுவதையும் மற்றவர்கள் முந்தைய இரவே செய்து முடிக்கட்டும். அதற்கு வீட்டில் ஆளில்லை என்றால் வாரத்தில் இரண்டு நாள் கடையில் சாப்பிடுங்கள். அந்தச் செலவை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு துணிக்கடைப் பணியாளர்: பொதி கொண்டுவந்தாலும் சாப்பிட உட்கார நேரமில்லை. புரோட்டா வாங்கி நின்றுகொண்டே தின்கிறோம்.

உங்கள் சிக்கல் உணவில் இல்லை, இடைவேளையில் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு உங்களுக்கு உரியது. பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற விதியும் 2021-இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தோழிகளுடன் சேர்ந்து மேலாளரிடம் முறை வைத்து இடைவேளை கேளுங்கள். கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் புரோட்டாவைவிட இலைச் சாப்பாடு மேல். பருப்பும் காயும் அதில்தான் கிடைக்கும். பொரித்தவற்றை வாங்குமுன் எண்ணெயைப் பாருங்கள்: கறுத்து, நுரைத்து, புகைந்தால் வேண்டாம்.

கன்னியாகுமரியிலிருந்து ஒரு டாக்ஸி ஓட்டுநர்: சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறேன். சவாரி கிடைத்தால் மதியச் சாப்பாடு மூன்று மணி ஆகிவிடுகிறது. கடையில் எதைச் சாப்பிடலாம்?

எதை என்பதைவிட எப்போது என்பதே உங்களுக்கு முக்கியம். சில வகை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கும் நிலையில் வண்டி ஓட்டுவது பேராபத்து. உங்கள் மாத்திரை அந்த வகையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி, 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் கழித்து நிதானம் வந்தபின் சாப்பிடுங்கள். அதற்காகச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றும் தண்ணீரும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

கடையில் உட்கார்ந்தால் முதலில் துவரனையும் பருப்பையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு ஒரு கரண்டிச் சோறு மட்டும் போடச் சொல்லுங்கள். சம்பா அரிசிச் சோறு என்பதற்காக அளவைக் கூட்டக் கூடாது. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் ஆசைப்பட்டால், அன்று சோற்றை விட்டுவிட்டுக் கிழங்கை ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொண்டு, மீனைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.