எசேக்கியாவின் சுரங்கமும் லாகீஸின் சாம்பலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பு எடுக்கிறேன். செங்கடலுக்கு அடியில் பார்வோனின் தேர்ச் சக்கரங்கள் கிடைத்ததாக ஒரு வாட்ஸப் வீடியோ சுற்றுகிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, "பழைய ஏற்பாடு முழுக்கப் பிற்காலத்தில் கட்டிய கதை, மண்ணுக்குள் அதற்கு ஒரு சான்றும் கிடையாது" என்கிறான். யார் சொல்வது சரி? அகழாய்வு உறுதிசெய்த ஒரு நிகழ்ச்சியையாவது நான் வகுப்பில் சொல்ல முடியுமா?

வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

வீடியோவைக் காட்டாதீர்கள். ஒரு தொல்பொருளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியவை உண்டு: எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது? உடன் என்னென்ன கிடைத்தன? இப்போது எந்த அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம்? செங்கடல் சக்கரங்களுக்கு இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பவளம் படர்ந்த வட்ட வடிவங்களின் படங்கள்தான் இருக்கின்றன.

உங்கள் மகன் சொல்வதும் நிற்காது. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறிய யாத்திராகமக் காலத்துக்கு நேரடிச் சான்று இல்லை என்பது உண்மை. இஸ்ரவேல் என்ற பெயரே எகிப்திய அரசன் மெர்நெப்தாவின் கல்வெட்டில், கி.மு. 1208 வாக்கில்தான், முதன்முதலாக ஐயமின்றித் தென்படுகிறது. ஆனால் எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதாவின் பிற்கால அரசர்களுக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. வகுப்புக்கு ஒரே நிகழ்ச்சி வேண்டுமென்றால் கி.மு. 701-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் மேல் படையெடுத்த ஆண்டு அது.

வேதாகமத்தில் இது 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களிலும், ஏசாயா 36, 37-லும், 2 நாளாகமம் 32-லும் வருகிறது. எதிர்த்தரப்பின் பதிவும் நம் கையில் இருக்கிறது. சனகெரிப்பின் தலைநகரான நினிவேயில் 1830-ல் கிடைத்த ஆறுபக்கக் களிமண் பட்டகம் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அரண் சூழ்ந்த 46 பட்டணங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரைக் கொண்டுவந்தேன், யூதாவின் அரசன் எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவைபோல் அடைத்தேன் என்று சனகெரிப் அதில் சொல்கிறான். எருசலேமைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. பிடித்திருந்தால் சொல்லாமல் விடுகிற அரசன் அல்ல அவன்.

எசேக்கியா கட்டிய கப்பத்தின் கணக்கைப் பாருங்கள் (தாலந்து என்பது பழைய எடை அளவு). 2 இராஜாக்கள் 18:14-ல் 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். பட்டகத்தில் 800 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். பகைவர் இருவர் தனித்தனியே எழுதிய கணக்கில் பொன் அப்படியே ஒத்துப்போகிறது, வெள்ளி ஒத்துப்போகவில்லை. இந்த வித்தியாசத்தை எப்படியாவது சரிக்கட்டப் பலர் முயன்றிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்படவில்லை என்பதற்கு அந்த வித்தியாசமே சாட்சி.

எருசலேமிலிருந்து தென்மேற்கே, யூதாவின் இரண்டாவது பெரிய நகரம் லாகீஸ். எசேக்கியா கப்பம் கட்ட ஆள் அனுப்பியது அங்கே முகாமிட்டிருந்த சனகெரிப்புக்குத்தான். வியப்பு என்னவென்றால், பட்டகத்தில் லாகீஸ் என்ற பெயரே இல்லை. ஆனால் அந்த நகரம் வீழ்ந்த காட்சி நினிவே அரண்மனையின் ஒரு முழு அறைச் சுவரில் இருந்தது. ஆங்கிலேய அகழாய்வாளர் ஆஸ்டன் ஹென்றி லேயர்ட் 1840-களில் தோண்டியெடுத்த அந்தப் புடைப்புச் சிற்பங்களில், மதிலை நோக்கி ஏறும் முற்றுகைச் சரிவு, அதன்மேல் மதில் இடிக்கும் பொறிகள், மேலிருந்து தீப்பந்தம் எறியும் வீரர்கள், பொறி தீப்பிடிக்காமலிருக்க நீண்ட கரண்டியால் தண்ணீர் ஊற்றும் அசீரியர்கள், மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சோடு வெளியேறும் குடும்பங்கள் எல்லாம் தெரிகின்றன. அரியணையில் இருக்கும் அரசனுக்கு முன்னால், லாகீஸின் கொள்ளைப்பொருள் அவன்முன் கடந்துசென்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறது.

நகரம் இருந்த மேட்டைத் தோண்டியபோது தென்மேற்கு மூலையில் அதே சரிவு கிடைத்தது. கற்குவியலால் ஆனது, மேற்பரப்பில் கற்களைச் சாந்து வைத்து இறுக்கியிருக்கிறார்கள். பொறி உருண்டு ஏற வேண்டும் அல்லவா? மதிலுக்கு உட்புறம் நகரத்தார் அவசரமாகக் கொட்டிய எதிர்மேடும் கிடைத்தது. கூடவே நூற்றுக்கணக்கான அம்புமுனைகள், கவண்கற்கள்.

இருந்தும் இந்த அழிவு சனகெரிப்புடையது என்று உறுதியாகப் பல ஆண்டுகள் ஆயின. 1932 முதல் 1938 வரை இங்கே தோண்டிய ஜேம்ஸ் ஸ்டார்க்கி இரண்டு எரிந்த அடுக்குகளைக் கண்டார். மேலே இருப்பது இரண்டாம் அடுக்கு, பாபிலோனியர் யூதா அரசையே முடித்துவைத்தபோது எரிந்தது. அதன் கீழே மூன்றாம் அடுக்கு. இதுவும் பாபிலோனியர் வேலைதான், சற்று முன்பு, கி.மு. 597-ல் நடந்தது என்று அவர் கருதினார். அவர் குழுவில் இருந்த ஓல்கா டஃப்னெல் பானைகளைப் பார்த்து அதை மறுத்தார். இரண்டு அடுக்குகளின் பானை வடிவங்களும் அவ்வளவு வேறுபட்டிருந்தன, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த மாற்றம் வராது, கீழடுக்கு 701-ஐச் சேர்ந்தது என்பது அவர் வாதம். 1970-களில் டேவிட் உசிஷ்கின் தொடங்கிய அகழாய்வு அதை உறுதிசெய்தது. எரிந்த பொருளில் மிஞ்சிய கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பு செய்திருக்கலாமே என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். கி.மு. 800-க்கும் 400-க்கும் இடையில் அந்த முறையின் திருத்த வளைகோடு, அதாவது அளவீட்டை ஆண்டாக மாற்ற உதவும் கோடு, ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. ஒரே அளவீட்டுக்கு நூற்றாண்டுக் கணக்கில் இடைவெளியுள்ள விடைகள் வரும். அதனால்தான் இந்தக் காலத்துக்குப் பானை ஓடுகளே பெரிய துணை.

மூன்றாம் அடுக்கின் காலம் உறுதியானதால் இன்னொரு நன்மையும் விளைந்தது. மூன்றாம் அடுக்கின் தரைகளில், கைப்பிடியில் "அரசனுக்குரியது" என்ற முத்திரை குத்திய பெரிய சாடிகள் நொறுங்கிக் கிடந்தன. ஒன்று சுமார் 45 லிட்டர் கொள்ளும். எபிரோன், சீப், சோக்கோ ஆகிய ஊர்ப்பெயர்களும் முத்திரைகளில் உண்டு. அதே முத்திரை யூதாவில் வேறெங்கு கிடைத்தாலும், அந்த அடுக்கு எசேக்கியாவின் காலத்தை ஒட்டியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எருசலேமில் பார்க்க வேண்டியது சுரங்கம். கீகோன் ஊற்றின் தண்ணீரை எசேக்கியா நகரத்துக்குள் திருப்பினான் என்று 2 நாளாகமம் 32:30 சொல்கிறது. கீகோனிலிருந்து சீலோவாம் குளத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 320 மீட்டர்தான். சுரங்கம் வளைந்து வளைந்து 533 மீட்டர் போகிறது. இரு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் வெட்டிவந்து நடுவில் சந்தித்தார்கள். சந்திப்புக்கு அருகே வழி தடுமாறி அங்குமிங்கும் திரும்புகிறது, தவறாக வெட்டிக் கைவிட்ட முனைகளும் இருக்கின்றன. சந்தித்த இடத்தில் உளித்தடங்களின் திசை எதிரெதிராக மாறுகிறது. முழு நீளத்துக்கும் தரை இறங்குவது ஏறத்தாழ 30 செ.மீ. மட்டுமே. தென்முனையில் கூரை சுமார் 5 மீட்டர் உயரம். தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைப் பிறகு தாழ்த்தியிருக்கிறார்கள் என்பதே பொதுவான விளக்கம்.

1880-ல் ஒரு சிறுவன் சீலோவாம் வாசலுக்குச் சில மீட்டர் உள்ளே ஒரு கல்வெட்டைக் கண்டான். ஆறு வரி, பழைய எபிரெய எழுத்து. மூன்று முழம் பாறை மிச்சமிருந்தபோது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது, பின்பு கோடரிக்கு எதிர் கோடரியாக வெட்டினார்கள், தண்ணீர் 1,200 முழம் ஓடியது என்கிறது. முழத்துக்குச் சுமார் 44 செ.மீ. என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், நீளம் சரியாக வரும். கல்வெட்டு இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது.

அதில் எந்த அரசனின் பெயரும் இல்லை. இதை வகுப்பில் மறைக்காதீர்கள். காலத்தை எழுத்தின் வடிவம் காட்டுகிறது. தரைச் சாந்தில் சிக்கிய தாவரத் துணுக்குகளையும், சுரங்கக் கூரையில் பின்னர் வளர்ந்த சுண்ணக் கசிவையும் அளந்து 2003-ல் வெளியிட்ட ஆய்வும் எசேக்கியாவின் காலத்தோடு ஒத்துப்போகிறது. சுரங்கம் அவனுக்குச் சற்று முன்பே வெட்டப்பட்டது என்று வாதிடும் அகழாய்வாளர்களும் உண்டு.

2 இராஜாக்கள் 19 சொல்லும், ஒரே இரவில் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேர் மடிந்ததைப் பற்றி அகழாய்வு எதுவும் சொல்லாது, சொல்லவும் முடியாது. பாளயத்தில் கொள்ளைநோய் என்பதெல்லாம் ஊகம். சனகெரிப் மகனால் கொல்லப்பட்டது மட்டும் அசீரிய, பாபிலோனிய ஆவணங்களால் உறுதி. ஆனால் அது கி.மு. 681-ல், படையெடுப்புக்கு 20 ஆண்டுகள் கழித்து நடந்தது. 2 இராஜாக்கள் 19-ன் கடைசி இரு வசனங்களைப் படிப்பவருக்கு அடுத்த மாதமே நடந்ததுபோலத் தோன்றும்.

வகுப்புக்கு இப்படிச் செய்யுங்கள். 2 இராஜாக்கள் 18:13-16-ஐ வாசித்த கையோடு 2 நாளாகமம் 32-ஐயும் ஏசாயா 36-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். கப்பம் கட்டியதும், ஆலயக் கதவுகளின் பொன்னைக் கழற்றிக் கொடுத்ததும் முதல் நூலில் மட்டுமே இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பிறகு பட்டகத்தின் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். லாகீஸ் சிற்பங்களின் தெளிவான படங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. மகனையும் அன்றைக்கு வகுப்புக்கு அழைத்துப்போங்கள்.