செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடுமா?

கேள்வி: கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்திக்காக, முதல் 7 நாட்கள் இலவசம் என்று காட்டிய ஒரு படிப்புச் செயலியில் என் டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்து, வந்த ஓடிபியையும் பதிந்தேன். அவள் ஊருக்குப் போனதும் செயலியை நீக்கிவிட்டேன். சென்ற வாரம் பாஸ்புக் பதிந்து பார்த்தால், மாதம் 399 ரூபாய் வீதம் எட்டு முறை பணம் போயிருக்கிறது. எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் நான் இந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்பாக, ஒன்பதாவது தவணை போகாமல் தடுத்துவிடுங்கள். பேப்பர் போடுகிறவரிடம் சொல்லாமல் வாசல் கதவை மட்டும் பூட்டிவிட்டு வெளியூர் போனால், பேப்பர் விழுந்துகொண்டேதான் இருக்கும். செயலியை நீக்குவதும் அப்படித்தான். நீங்கள் பதிந்த அந்த ஒரு ஓடிபி, மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள வங்கிக்கு நீங்கள் அளித்த நிலையான அனுமதியாகிவிட்டது. அதை ‘ஆட்டோ டெபிட்’ என்றோ ‘இ-மேண்டேட்’ என்றோ சொல்வார்கள். வங்கியின் இணையதளத்திலோ, நேரில் கிளைக்குச் சென்றோ அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். அதோடு நிறுவனத்துக்கும் ‘சந்தா வேண்டாம்’ என்று தனியாக எழுதி, அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் செய்யும் ரத்து, பணம் போவதை மட்டுமே நிறுத்தும்.

குறுஞ்செய்தி வரவில்லை என்கிறீர்களே, உங்கள் வழக்கின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, இத்தகைய சந்தாவுக்குப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே, யாருக்கு, எவ்வளவு, எப்போது போகப்போகிறது என்பதை வங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தவணையையோ முழு அனுமதியையோ மறுக்கும் வழியும் அதிலேயே இருக்க வேண்டும். பணம் எடுத்த பிறகும் இன்னொரு அறிவிப்பு வர வேண்டும். இந்த வசதிக்காக உங்களிடம் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. 15,000 ரூபாய் வரையிலான சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கப்படுவதில்லை என்பதால், அந்த முன்னறிவிப்பு ஒன்றுதான் நமக்குள்ள காவல்.

அறிவிப்பு குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வரலாம். பிள்ளைகள் உருவாக்கிக் கொடுத்து, பிறகு ஒரு நாளும் திறந்து பார்க்காத மின்னஞ்சல் முகவரி வங்கியில் பதிவாகியிருப்பதைப் பெரியவர்கள் பலரிடம் பார்க்கிறேன். முதலில் அதைச் சரிபாருங்கள். எட்டு முறையும் அறிவிப்பு எங்கே, எந்த நேரத்தில் அனுப்பப்பட்டது என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அனுப்பவே இல்லையென்றால் அது வங்கியின் குறைபாடு. 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நிறுவனத்தின் மீது உங்களுக்குள்ள பிடி இன்னும் வலுவானது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நுகர்வோரை ஏமாற்றும் 13 இணைய உத்திகளைத் தடை செய்தன. அவற்றில் ஒன்று ‘சந்தாப் பொறி’. ரத்து செய்யும் வழியை மறைத்து வைப்பதும் சுற்றி வளைப்பதும் மட்டுமல்ல, இலவசச் சந்தாவுக்காகக் கார்டு விவரத்தையோ ஆட்டோ டெபிட் அனுமதியையோ கட்டாயப்படுத்திக் கேட்பதே அந்தப் பொறிக்குள் அடங்கும். உங்களுக்கு நேர்ந்தது இதுவே என்பதால், கடைசி மாதத் தொகையை மட்டும் கேட்டு நிற்காமல், 3,192 ரூபாயையும் கேட்டு எழுதுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. படித்தவரே ஏமாந்தாரே என்று யாராவது சொன்னால் மனம் தளராதீர்கள். திரையில் ‘இலவசம்’ என்ற சொல்லைப் பெரிதாகவும் தொகையைச் சிறிதாகவும் காட்டியது உங்கள் பிழையல்ல.

கேள்வி: இதே போன்ற சிக்கலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்தும் நிறுவனம் அசையவில்லை. அதன் அலுவலகம் பெங்களூருவில் இருக்கிறது. வழக்குக்கு அங்கே போக வேண்டுமா?
— வாசகி, வள்ளியூர்

பதில்: வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. ஆகவே திருநெல்வேலி மாவட்ட ஆணையமே உங்களுக்குப் போதும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே மனுவைப் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும் என்பதால், 1915இல் தந்த புகார் எண்ணையும் வங்கிக் கணக்குப் பட்டியலையும் இணைத்து இப்போதே மனுவை எழுதத் தொடங்குங்கள்.