இரண்டு ஆள், ஒரே ஸ்பியர்கன்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மூச்சடக்கிக் கடலில் இறங்கும் ஃப்ரீடைவிங் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டேன். 14 மீட்டர் வரை போகிறேன். மீன் குத்தும் ஸ்பியர்கன்னும் வாங்கியாயிற்று. உவரி, இடிந்தகரைப் பக்கம் மீன் குத்தப் போக ஆசை. கூட வர ஆள்தான் இல்லை. நண்பர்கள் கரையோடு நின்றுவிடுகிறார்கள். ஆளை எங்கே தேடுவது? கிடைக்கும்வரை ஆழம் குறைந்த இடத்தில் தனியாக இறங்கலாமா?

இ., பாளையங்கோட்டை

அன்புள்ள இ.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. 10 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல இரு மடங்கு. அந்த அழுத்தம்தான் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே ஏற ஏற அது பாதியாகக் குறையும். அதனால்தான் மயக்கம் பெரும்பாலும் கடைசிச் சில மீட்டரிலோ, தலை வெளியே வந்த பிறகோ வருகிறது. வலியும் இருக்காது, முன்னறிவிப்பும் இருக்காது. இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். மூச்சுக்குத் தவிக்க வைப்பது கரியமில வாயு. அதைக் குறைத்துவிட்டால் தவிப்புத்தான் தள்ளிப்போகும், ஆக்சிஜன் தீர்வது தள்ளிப்போகாது. குப்புற மயங்கியவனுக்கு இடுப்பளவு தண்ணீர் போதும்.

கூட்டாளிக்கு மீன் குத்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தெரியவேண்டும். இரண்டு பேருக்கு ஒரே கன். ஒருவர் கீழே போகும்போது மற்றவர் வெறுங்கையோடு, முகம் தண்ணீருக்குள் இருக்க, நேர் மேலே மிதக்கவேண்டும். கீழே போனவர் வந்ததும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று 30 விநாடி முகத்தைப் பார்க்கவேண்டும். பிறகுதான் மீன் பேச்சு. ஒன்றரை நிமிடம் கீழே இருந்தால் குறைந்தது மூன்று நிமிடம் மேலே ஓய்வு. ஆளுக்கொரு கன் என்றால் அரை மணி நேரத்தில் அவரவர் மீன் பின்னால் போய்விடுவீர்கள். சேர்ந்து வந்ததாகப் பேர், இரண்டு பேரும் தனி.

புது ஆளோடு முதல் நாள் கன் எடுக்காமல் 5 மீட்டரில் இறங்குங்கள். நீங்கள் மேலே வந்ததும் அவர் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். மீட்பையும் அன்றே பழகுங்கள்: வெயிட் பெல்ட்டை (இடுப்பில் கட்டும் எடைப் பட்டை) கழற்றிவிட்டு மேலே கொண்டுவருவது, முகத்தைத் தண்ணீருக்கு வெளியே தாங்குவது, மாஸ்க்கை எடுப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கன்னத்தைத் தட்டி, கண்ணுக்குக் கீழே ஊதுவது. பெரும்பாலும் இதற்கே விழித்துக்கொள்வார்கள். பத்து விநாடியில் அசைவில்லை என்றால் வாயோடு வாய் வைத்து இரண்டு மூச்சு. இதெல்லாம் எதற்கு என்று சிரிக்கிற ஆள் வேண்டாம்.

ஆள் தேட முதல் இடம் உங்கள் பயிற்சியாளர்தான். நம் பக்கத்திலிருந்து அவரிடம் கற்றவர்களைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரர்கள். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டு) எத்தனை பாகம் ஆழம், நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவர்களிடம்தான் கேட்கவேண்டும். ஒரு எச்சரிக்கை: கம்ப்ரஸர் குழாய் வழியே காற்று வாங்கிக் குளிப்பவர் அன்று உங்களோடு மூச்சடக்கி இறங்கக் கூடாது, அவருக்கு ரத்தத்தில் நைட்ரஜன் ஏறியிருக்கும். நீங்களும் அடியில் வைத்து அந்தக் குழாயில் ஒரு மூச்சுகூட வாங்காதீர்கள். 10 மீட்டரில் நிரப்பிய காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். ஃப்ரீடைவிங் பழக்கத்தில் அதை அடக்கிக்கொண்டே ஏறினால் நுரையீரல் கிழியும்.

மூன்றாவது, உவரி, கூடுதாழை, கூட்டப்பனைப் பையன்கள். ஊர்க் கமிட்டியில் சொல்லிவிட்டே இறங்குங்கள். வெளியூர் ஆள் கன்னோடு வலைப்பக்கம் தெரிந்தால் சந்தேகப்படுவார்கள், அது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், படகு கேட்காதீர்கள். பைபர் படகு கிடைத்தாலும் படகுக்காரர் கூட்டாளி ஆகமாட்டார். அவருக்குத் தெரிவது உங்கள் மிதவை மட்டும். அதையும் கொடி கட்டி, தூரத்திலிருந்தே தெரியும்படி வையுங்கள். பாரில் அறுந்த தங்கூசி (நைலான் நரம்பு) வலை சிக்கிக் கிடக்கும், தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. கத்தியை இரண்டு கையும் எட்டுகிற மாதிரி இடுப்பில் கட்டுங்கள். காலில் கட்டினால் கால் சிக்கும்போது எட்டாது.

தோட்டத்துக் கிணற்றில் பழகுவதற்கும் இதே விதி. கூடுதலாக, பம்பு மோட்டாரின் மெயினை அணைத்துவிட்டு இறங்குங்கள்.

தை முதல் பங்குனி வரை தண்ணீர் ஓரளவு தெளிந்திருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்றில் (மேல்காற்று) உவரிப் பக்கம் அலை அடங்காது. ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி வெள்ளம் புன்னைக்காயலில் கலந்து கடலைக் கலக்கிவிடும். மேலே மிதப்பவருக்கு அடியில் இருப்பவர் தெரியவேண்டும். 5 மீட்டர்தான் தெரிகிறது என்றால் அன்றைக்கு 5 மீட்டர்தான் ஆழம்.

வான் தீவுப் பக்கம் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. கடல் அட்டையை எங்கேயும் தொடாதீர்கள், வன உயிரினச் சட்டத்தில் கேஸ் ஆகும். இடிந்தகரைக்குப் பக்கத்தில் கூடங்குளம் அணுமின் நிலையக் கடற்பகுதி காவலில் இருக்கிறது. எதுவரை போகலாம் என்று கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசாரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.