எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்) என்ற நரம்பு நோய்க்கு மருந்து ஏற்றுவதற்கு முன் போடும் ஸ்டீராய்டை, சர்க்கரை நோய் இருப்பவர் வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் அன்றைக்குக் கட்டிலில் படுத்த பிறகு சொல்லாதீர்கள். பத்து நாள் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சொன்னேன், அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பதினொரு வருடமாக டைப் 2 சர்க்கரை. எம்.எஸ்.ஸுக்கு ரிட்டுக்ஸிமேப் ஏற்றிக்கொள்கிறேன். முதல் தடவை, மருந்து தொடங்க அரை மணி நேரம் முன்பு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் போட்டார்கள். காலையில் 130 இருந்த சுகர் மாலை ஆறு மணிக்கு 386. ராத்திரி முழுக்கத் தாகம், திரும்பத் திரும்ப பாத்ரூம். ஏற்கெனவே கால் மரத்துப் போகிறவருக்கு இருட்டில் அந்த நடை எவ்வளவு பயம் என்று இந்த நோய் உள்ளவர்களுக்குத் தெரியும். சுகர் ஏறும் என்று முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கோபத்தில், இரண்டு வாரம் கழித்து அடுத்த டோஸுக்குப் போனபோது ஸ்டீராய்டு வேண்டாம் என்றேன். சிஸ்டர் டியூட்டி டாக்டரைக் கூப்பிட, அவர் என் மருத்துவருக்குப் போன் போட, மூன்று மணி நேரம் போனது. கடைசியில் என் மருத்துவரே வந்து பொறுமையாக விளக்கினார். ரிட்டுக்ஸிமேப், ரத்தத்தில் உள்ள பி செல்கள் என்ற ஒரு வகை நோய் எதிர்ப்பு செல்களை அழிக்கிறது. அவை அழியும்போது வெளியாகும் பொருள்களால் காய்ச்சல், அரிப்பு, தொண்டை இறுக்கம், பி.பி. இறங்குவது எல்லாம் வரலாம். அதைக் குறைக்கத்தான் ஸ்டீராய்டு. முதல் டோஸில் செல்கள் அதிகம், அதனால் ஆபத்தும் அதிகம். போகப்போகக் குறையும். ஏறிய சுகரை இன்சுலின் போட்டு இறக்கலாம், தொண்டை அடைத்தால் நிமிடக் கணக்குதான் என்றார். அது எனக்குப் புரிந்தது. அன்று ஸ்டீராய்டு போட்டுக்கொண்டேன், கூடவே இன்சுலின் அளவும் எழுதிக் கொடுத்தார்.

நான்காவது டோஸிலிருந்து ஸ்டீராய்டு இல்லை. அதற்கு முன் இரண்டு தடவை எந்தத் தொந்தரவும் வராததைப் பார்த்துத்தான் அவர் சம்மதித்தார். அலர்ஜிக்கான ஏவில் ஊசியும் பாராசிட்டமாலும் உண்டு. சொட்டு வேகம் குறைவு. ஸ்டீராய்டு மருந்து பக்கத்து ட்ரேயில் தயாராக இருக்கும். ஒருமுறை தொண்டையில் அரிப்பு வந்தது. உடனே சொன்னேன், ட்ரிப்ஸை நிறுத்திவிட்டு அரை மணி கழித்து இன்னும் மெதுவாக ஏற்றினார்கள். அன்று மாலை சுகர் 168.

இன்னொன்று கேட்டுப் பாருங்கள். ரிட்டுக்ஸிமேப்பை சலைனிலும் (உப்புக் கரைசல்) கலக்கலாம், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸிலும் (சர்க்கரைக் கரைசல்) கலக்கலாம். எனக்கு சலைன்தான் என்று முன்பே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்று காலை அதைப் போடலாமா என்றும் கேட்க வேண்டும், ஏனென்றால் மருந்து ஏறும்போதே பி.பி. இறங்கக்கூடும்.

உங்களுக்கு டைப் 1 என்றால் ஸ்டீராய்டு போட்டாலும் போடாவிட்டாலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். அன்றைய அளவைச் சர்க்கரை மருத்துவர் எழுதித் தரட்டும். ஸ்டீராய்டு போட்டால், காலை வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். மதியத்துக்கு மேல்தான் ஏறும், இரவு வரை பாருங்கள்.

அப்புறம், நோய் திடீரென்று தீவிரமாகும்போது மூன்று முதல் ஐந்து நாள் தினம் 1000 மில்லிகிராம் ஸ்டீராய்டு ஏற்றுவார்களே, அது வேறு விஷயம். நான் மேலே சொன்னதை அதற்குப் பொருத்திப் பார்த்து மறுத்துவிடாதீர்கள்.