கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தையில் மிஞ்சும் காய்கறியைத் திரட்டி பி.பி.ஆர். (குறைந்த வருமானத்தினருக்கான அரசு அடுக்குமாடி) குடும்பங்களுக்குக் கொடுப்பது எப்படி?

முதலில் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வியாபாரம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். தரையில் கொட்டுவதற்கு முன்பே கூடையில் வாங்கிவிட வேண்டும். கொட்டியதை எடுக்கவே கூடாது, கழிவுநீர் பட்டிருக்கும்.

தரம் பிரிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முட்டைக்கோஸின் மேல் இலை இரண்டு மூன்று கருத்திருந்தால் உரித்துவிடலாம், உள்ளே வெள்ளையாகவே இருக்கும். தண்டு கொழகொழத்து நாறினால் முழுக் கோஸையும் ஒதுக்குங்கள். பச்சை படர்ந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கு வேண்டாம். அதிலுள்ள சோலனைன் என்ற நச்சு சமைத்தாலும் போகாது.

சாவி, கங்கோங் கீரைகளைக் கழுவாமல் காற்றோட்டமான கூடையில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மாலைக்குள் அழுகிவிடும். பழுத்த தக்காளி, வாழைப்பழம் பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும்.

அளவு: ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, பழம் என்பது உலகச் சுகாதார நிறுவனக் கணக்கு. நால்வர் வீட்டுக்கு மூன்று நாளுக்கு ஏறக்குறைய 5 கிலோ. எத்தனை வீடு என்ற கணக்கை முதல் நாளே எடுத்துவிடுங்கள், அப்புறம் லாரி பேசுங்கள். கொடுக்கத் தயங்கும் கடைக்காரரிடம் மலேசியாவின் 2020ஆம் ஆண்டு உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு, கவனக்குறைவின்றிக் கொடுப்பவருக்கு அது பாதுகாப்பு தருகிறது.